கடைசிப் படியில் துத்தநாகம்

தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, ஆய்வகக் குளிர்பெட்டியில் என் தட்டில் ஒரு புது பாட்டில் இருந்தது. இருபது கிராம் வெளிர்மஞ்சள் தூள். வெளியே ஓர் ஒப்பந்த ஆய்வகத்தில் கொடுத்துச் செய்வித்தது. நான்கு வருடமாக மில்லிகிராம் கணக்கில் நான் செய்துவந்த அதே பொருளை இவ்வளவு மொத்தமாகப் பார்த்தது அன்றுதான். பாட்டிலில் ஒரு ஒட்டுத்தாள். தமிழில் எழுதியிருந்தது: “அண்ணை, இது வேலை செய்யேல்லை. வந்தவுடனை என்னைப் பாருங்கோ.”

எழுதியவர் எங்கள் குழுவில் சோதனைகளைச் செய்பவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வடக்கு லண்டனில் எட்மண்டனில் குடியிருக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிப்போனவன், வீடு ஆர்ச்வேயில். ஐந்து பேர் கொண்ட குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே என்பதால், எங்களுக்குள் ஒட்டுத்தாள்களைத் தமிழில் எழுதிக்கொள்வது பழக்கமாகியிருந்தது. அந்தத் தாளை உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் படிக்க முடியாது என்று தெரிந்தும்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நுரையீரலில் தழும்பு படிந்து படிந்து மூச்சு குறைந்துபோகும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயில் ஒரு புரதம் தேவைக்கு மேல் வேலை செய்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தக்கூடிய சிறிய மூலக்கூறு ஒன்று கிடைத்தால், அதை ஒருநாள் மாத்திரையாக்கலாம். நான் தூள் செய்வேன். அவர் அதைக் கரைத்து, புரதத்தோடு சேர்த்து, எவ்வளவு சேர்த்தால் புரதத்தின் வேலை பாதியாகக் குறைகிறது என்று அளப்பார். குறைவான அளவே போதும் என்றால் நல்ல மூலக்கூறு. எண் வந்ததும் நான் அணுக்களை அங்கொன்று இங்கொன்று மாற்றி அடுத்த தூளைச் செய்வேன். நான்கு வருடம் இப்படித்தான் போனது. பெரும்பாலான நாட்களில் எண் முந்தையதைவிட மோசமாகவே வரும். அதற்குப் பழகாதவர்கள் இந்த வேலையில் நிலைப்பதில்லை.

எங்களிடம் ஒன்று நல்லதாக அமைந்திருந்தது. அதைத்தான் இருபது கிராம் செய்யச் சொல்லியிருந்தோம், எலிகளுக்குக் கொடுப்பதற்காக. மூன்று வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு கூடவிருந்தது. அவர்கள் சரி என்றால் திட்டம் இன்னும் இரண்டு வருடம் ஓடும். இல்லை என்றால் அத்தோடு மூடப்படும். என் வேலை நிரந்தரமானது. இந்தப் புரதம் போனால் இன்னொரு புரதத்தில் போடுவார்கள். அவருடைய வேலை அப்படியல்ல. திட்டத்தோடு கட்டிய ஒப்பந்தம். குழு இல்லை என்று சொன்னால் அடுத்த மாதக் கடைசியில் அவர் போக வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் ஷிப்டில் இருந்தவர் அவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதையும் வருவதையும் கண்ணால் பார்த்ததில்லை என்பார். இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே என்னிடம், இனி எதற்கும் ஷிப்டுக்குத் திரும்புவதில்லை என்று சொல்லியிருந்தார். குழுவில் எல்லோருக்கும் அது தெரியும்.

எனவே “வேலை செய்யேல்லை” என்றதும் எனக்கு முதலில் வந்தது கோபம், அந்த ஒப்பந்த ஆய்வகத்தின் மேல். எதையோ கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர்களுடைய அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். ஏழு படிகள் கொண்ட செய்முறையில் ஆறு படிகளை என்னுடையது போலவே செய்திருந்தார்கள். கடைசிப் படியில் மட்டும் மாற்றம். நான் அந்தப் படியில் துத்தநாகத் தூள் சேர்த்து வினையை நடத்துவேன். அவர்கள் ஹைட்ரஜன் வாயுவை வைத்து அதையே செய்திருந்தார்கள். இருபது கிராமுக்குத் துத்தநாகம் போட்டால் சேறாக அடைத்து வடிகட்டவே முடியாது என்று காரணமும் எழுதியிருந்தார்கள். நியாயமான காரணம். இருந்தாலும் ஏழு கேள்விகளை எண் போட்டு எழுதி, என் செய்முறையை என்னிடம் கேட்காமல் ஏன் மாற்றினீர்கள் என்று முடித்து ஒரு கடுமையான மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. மரியாதையாக, எல்லா அளவீடுகளையும் இணைத்து. அவர்களுடைய வரைபடத்தின் மேல் என்னுடையதை வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசமில்லை.

அந்த வாரம் நானே புதிதாகக் கொஞ்சம் செய்தேன். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. எல்லாக் குடுவைகளையும் மார்பளவு உயரத்தில் பொருத்திக்கொண்டு, ஒரு நாள் வேலையை இரண்டு நாளாகச் செய்தேன். துத்தநாகத் தூள், அம்மோனியம் குளோரைடு, ஒரு மணி நேரம் கலக்கல், வடிகட்டல், மூன்று முறை கழுவல், உலர்த்தல். முதல் தடவை செய்தது போலவே. ஒவ்வொரு தடவையும் செய்தது போலவே. மாலையில் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி, வலி மாத்திரைக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வீடு வந்தேன்.

அவர் சோதித்தார். நான் செய்தது வேலை செய்தது. வழக்கமான எண், வழக்கமான வளைவு.

எல்லோருக்கும் நிம்மதி. ஒப்பந்த ஆய்வகத்துச் சரக்கு வழியில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, திரும்பச் செய்யச் சொல்லலாம், வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் பழைய எண்களோடு போகலாம் என்று குழுத் தலைவர் முடிவு செய்தார். யார்க்‌ஷர் பக்கத்துப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். அவர் முகம் அன்று தெளிந்ததைப் பார்த்தேன். எனக்கும் அந்த முடிவு சரியாகவே பட்டது. சோதனை செய்தவர் மட்டும் இரண்டு தூள்களின் வளைவுகளையும் எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

அடுத்த நாள் மதியம், சமையலறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பாடு சூடாகக் காத்திருக்கையில் கேட்டார்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. கடைசிப் படியில எப்பவாவது துத்தநாகம் இல்லாமல் செய்திருக்கிறீங்களோ?”

“இல்லையே. ஏன் மாத்தணும்? நல்லா வர்ற வழி அது.”

“ஒருக்காலும் இல்லையோ?”

“ஒரு தடவை கூட இல்லை.”

“அதானே. உங்கட மேசையில தூசி கூட வரிசையில தானே நிக்கும்.” சிரித்துவிட்டு, பெட்டியைத் திறந்து கிளறி மூடினார். “அவையின்ர தூளில ஏதோ இல்லை எண்டு நாங்கள் தேடுறம். உங்கட தூளில ஏதோ கூட இருக்கோ எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை.”

தூய்மை அளக்கும் இயந்திரத்தில் தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்ததே என்றேன். அந்த இயந்திரத்துக்கு உலோகம் தெரியாதே என்றார். எனக்கு அது தெரியாமல் இல்லை. முப்பது வருடமாக எனக்குத் தெரியும். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது. உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் உப்பு ஒன்று எல்லா ஆய்வகத்திலும் அலமாரியில் இருக்கும். அதைக் கரைசலில் கொஞ்சம் சேர்த்துவிட்டு, வழக்கமான அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். புரதத்தை நிறுத்துவது எங்கள் மூலக்கூறு என்றால், உப்பு இருந்தாலும் நிறுத்தும். தூளோடு ஒட்டிவந்த துத்தநாகம் என்றால் உப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், புரதம் தன்பாட்டில் வேலை செய்யும். அரைநாள் வேலை. நான்கு வருடத்தில் யாருக்கும் தோன்றாத அரைநாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். திரையில் மூன்று கோடுகள். முதலாவது, உப்பு இல்லாமல் எங்கள் பொருள்: நல்ல வளைவு. இரண்டாவது, உப்போடு எங்கள் பொருள்: மேசை விளிம்பு போலத் தட்டை. மூன்றாவது கோடு முதலாவதின் மேலேயே படிந்திருந்தது. இது எது என்று கேட்டேன்.

“துத்தநாகக் குளோரைடு. அலமாரியில இருந்து எடுத்தது. உங்கட தூளே இல்லை.”

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். நான்கு வருடமாக நாங்கள் மெருகேற்றிய மூலக்கூறும், பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்த சாதாரணத் துத்தநாகக் குளோரைடும் ஒரே வேலையைச் செய்தன.

அதன் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. ஒரு நைட்ரஜனை ஓர் இடம் தள்ளி வைத்தால் செயல் முழுக்கப் போய்விடும் என்று இரண்டாம் வருடமே கண்டிருந்தோம். மூலக்கூறு பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கு அதையே சான்றாக எல்லாக் கூட்டத்திலும் காட்டினேன். உண்மையில் அந்த நைட்ரஜன் துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருந்தது. தள்ளி வைத்தபோது பிடி விட்டுப்போனது, அவ்வளவுதான். உயிரணுக்களில் சோதித்தபோது எங்கள் பொருள் எப்போதும் சோர்ந்தே இருந்தது. உள்ளே நுழைய முடியவில்லை என்று முடிவு கட்டி, நுழைய வைக்கவே ஒன்றரை வருடம் உழைத்தேன். புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்தவர்கள் பள்ளத்தில் எங்கள் மூலக்கூறு தென்படவில்லை என்று மூன்று முறை எழுதினார்கள். படிகம் சரியில்லை என்று நாங்கள் பதில் எழுதினோம்.

எல்லாவற்றையும்விட இன்னொன்று என்னை உறுத்தியது. கழுவுவதை ஒருநாள் ஐந்து முறையும் ஒருநாள் ஒரு முறையும் செய்கிற ஆளாக நான் இருந்திருந்தால், எண்கள் தாறுமாறாக வந்திருக்கும். முதல் வருடமே யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் அதே அளவு துத்தநாகம் போட்டு, அதே மூன்று முறை கழுவி, அதே அளவு அழுக்கை மிச்சம் வைத்தேன். அழுக்கு அவ்வளவு சீராக இருந்ததால் அது பொருளின் குணம் போல நின்றது.

“நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை,” என்றார் அவர். “உங்கட வேலை. நீங்கள் சொல்லுறதுதான் முறை.”

வியாழக்கிழமை தாண்டட்டுமே என்று சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. இன்னும் ஒரு முறை செய்து உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம், ஒரு சோதனையை வைத்து அவசரப்படக் கூடாது, அதற்குள் கூட்டம் முடிந்து உங்கள் ஒப்பந்தமும் நீட்டப்பட்டிருக்கும், அடுத்த மாதம் மெதுவாக எடுத்துச் சொல்லலாம் என்றெல்லாம் அடுக்கினேன். உங்களுக்காகத்தான் சொல்றேன் என்றும் சொன்னேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் ரெண்டு வருசம் துத்தநாகத்துக்கு வேலை செய்யிறதோ, அண்ணை?”

நான் முக்காலியை விட்டு எழுந்தேன்.

“நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பார்க்கிறன். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். அதுக்குப் பிறகு நீங்கள் என்னோட கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை.”

அன்று ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வழியிலிருக்கும் முருகன் கோயிலில் ஏதோ விசேஷம். வாசலில் குடும்பங்கள் குடையை மடக்கிக்கொண்டு நின்றன. தெரிந்தவர் ஒருவர் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

என் மனைவி மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறாள். வீட்டில் இந்த மூலக்கூறைப் பற்றி நான்கு வருடமாகக் கேட்டுக் களைத்தவள். சோறு போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நான் என் யோசனையை, ஒரு முறை உறுதிப்படுத்திக்கொண்டு அப்புறம் சொல்வது பற்றி, அவளிடமும் சொன்னேன்.

“இன்னொரு தடவை பண்ணினா மாறும்னு நினைக்கிறீங்களா?” என்றாள்.

“இல்லை.”

“அப்ப எதுக்கு உறுதி? சும்மா எலிக்குக் குடுத்துக் கொல்றதுக்கா?”

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. ரசத்தை நகர்த்தி வைக்கிற குரலில்தான் சொன்னாள். நான் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அந்த வருடத்து நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: துத்தநாகம்தான். எழுதிய பிறகு அதை மாற்ற எனக்கு வழி இருக்கவில்லை. நாட்குறிப்பில் நான் எதையும் அடித்து எழுதியதில்லை.

புதன் காலை ஒன்பது மணிக்குக் குழுத் தலைவரின் அறைக்குப் போய் மூன்று கோடுகளையும் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கடைசிப் படியில் எப்போதிலிருந்து துத்தநாகம் என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்றேன். எத்தனை பொருள்களில் என்றார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் என்றேன். கண்டுபிடித்தது யார் என்றார். சொன்னேன். அவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அந்த ஒப்பந்தத்தின் தேதி தெரியும்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார். நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்திருந்ததை விட்டுவிட்டு ஒரே படத்தை வைத்து ஆறு நிமிடம் பேசினேன். கேள்விகள் கடுமையாக இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. மேசை முனையில் இருந்த வயதானவர் ஒருவர், இவ்வளவு ஒழுங்கான குறிப்புகள் இருந்ததால்தான் காரணத்தை இவ்வளவு சீக்கிரம் பிடிக்க முடிந்தது என்று என்னைப் பாராட்டினார். நன்றி சொன்னேன். திட்டத்தை மூடுவது என்று பத்து நிமிடத்தில் முடிவானது. சோதனை செய்பவரை வேறு குழுவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று குழுத் தலைவர் கேட்டார். இப்போதைக்கு இடமில்லை என்றார்கள்.

ஒப்பந்த ஆய்வகத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எங்களிடம் வந்து சேர்ந்ததிலேயே சுத்தமான பொருள் உங்களுடையதுதான் என்று குறிப்பிட்டேன். யாரும் பதில் போடவில்லை. போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவருடைய கடைசி வாரத்தில் எங்கள் இருவருக்கும் மிஞ்சிய வேலை, பெட்டிகளைக் காலி செய்வது. திட்டம் மூடினால் தூள்களை அழிக்க வேண்டும் என்பது விதி. அவர் ஒவ்வொரு சிறு குப்பியாக எடுத்து எண்ணை வாசிப்பார். நான் பட்டியலில் குறிப்பேன். குப்பி கழிவுத் தொட்டிக்குள் போகும். இரண்டாம் நாள் ஓர் எண்ணை வாசித்துவிட்டு, இது ஒரு கிறிஸ்மஸ் லீவுக்கு முதல் நாள் நீங்கள் நின்று செய்தது, அன்றைக்கு உங்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று தான் நினைத்ததாகச் சொன்னார். நான் சிரித்தேன். அந்தக் குப்பியும் விழுந்தது. மருத்துவமனையில் பழைய இடமே கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். ஷிப்டா என்று கேட்டேன். ஓம், ஷிப்டுதான் என்றார். காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம், மாறி மாறி.

கடைசிப் பெட்டி முடிய மூன்றரை மணி ஆனது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, இத்தனை நாள் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டேன். அந்த உப்பைச் சேர்க்கும்போது, கோடு தட்டையாக வந்தால் உங்கள் வேலை போகும் என்று நினைத்தீர்களா என்று.

“தெரியாமல் என்ன,” என்றார். “தெரிஞ்சபடியாத்தான் மூண்டு தரம் போட்டனான். முதல் தரம் நான் பிழை விட்டிருப்பன் எண்டு நினைச்சன். ரெண்டாந்தரம் பிழை விட்டிருக்கக்கூடாதோ எண்டு நினைச்சன். மூண்டாந்தரம் போட்டுட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டனான்.”

முதல் இரண்டு சோதனைகளின் அளவீடுகள் எங்கே என்று கேட்டேன். எல்லாம் பதிவில் இருக்கு, அண்ணை என்றார். அன்று மாலை அவர் போன பிறகு போய்ப் பார்த்தேன். இருந்தன. திங்கட்கிழமை காலை ஒன்று, அதே நாள் பிற்பகல் ஒன்று. குறிப்புப் பகுதியில் எதுவும் எழுதாமல், எண்கள் மட்டும். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன.